தரவுக்கும் கொளு வேண்டும்

சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இயற்பியல் படித்தவர், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் இருந்தவர். இப்போது கடல்சார் தரவுகளைக் கையாளும் வேலையில் இருக்கிறார். நலம் விசாரித்து முடிந்ததும், "சார், 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" என்று கேட்டார். வகுப்பில் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "மூன்று" என்றேன். "நானும் மூன்று என்றுதான் கொடுத்தேன் சார். கோப்பில் 'த' மட்டும்தான் நிற்கிறது. மிச்சமெல்லாம் போய்விட்டது" என்றார்.

அவர் எண்ணியதில் பிழையில்லை. நன்னூலாரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஆனால் அவர் பயன்படுத்திய சி மொழிச் செயற்கூறு எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் கொள்ளும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள்; ஆக 15 பைட். "மூன்று" என்று சொன்னதும் அச்செயற்கூறு முதல் மூன்று பைட்டை மட்டும் எடுத்து எழுதிவிட்டு மற்றதைக் கைவிட்டுவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. சொன்ன நீளத்தை அது நம்பியது, அவ்வளவுதான்.

அந்த உரையாடல் என்னை விடவில்லை. அச்செயற்கூறுகளின் கையேட்டை அனுப்பச் சொல்லி, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களில் அவரையே கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். படித்து முடித்தபோது, இது கணிப்பொறிக்காரர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் அல்ல என்ற எண்ணம் வலுப்பட்டது. ஒரு பிரதியோடு அதைப் பற்றிய குறிப்பு எவ்வாறு சேர்ந்து பயணம் செய்ய வேண்டும், அக்குறிப்பை யார் எழுதலாம், யார் திருத்தலாம், திருத்தினால் பழையது என்ன ஆகும் என்பவை பதிப்புத்துறையில் நாம் நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிற கேள்விகள். அதே கேள்விகள் கடலின் வெப்பத்தையும் காற்றின் வேகத்தையும் சேமித்து வைக்கும் கோப்புகளுக்குள் வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி என் கருத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மெட்டாடேட்டா என்ற சொல்லை மீத்தரவு, மேல்தரவு என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். இக்கட்டுரையில் 'குறிப்பு' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தரவைப் பற்றிய குறிப்பு என்று கொள்க.

*

மாணவர் கையாளும் கோப்பு வடிவத்திற்கு நெட்சிடிஎஃப் என்று பெயர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா மையத்தில் 1980களின் இறுதியில் உருவானது. ரஸ் ரூ, க்ளென் டேவிஸ் ஆகிய இருவரும் இதை அறிமுகப்படுத்தி 1990இல் கட்டுரை எழுதினார்கள். நாசாவின் சிடிஎஃப் என்ற வடிவம் இதற்கு முன்னோடி. இன்று உலகின் பெரும் காலநிலை மாதிரிகள் தங்கள் கணிப்புகளை வெளியிடுவது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். 2008இல் வந்த இதன் நான்காம் பதிப்பு, எச்டிஎஃப்5 என்ற மற்றொரு வடிவத்தின் மீது எழுப்பப்பட்டது.

இதன் அடிப்படைக் கொள்கை எளிமையானது. எண்களையும் அவற்றைப் பற்றிய குறிப்பையும் ஒரே கோப்பில் வைப்பது. கோப்பைப் பெற்றவர் வேறு ஆவணம் எதையும் தேடிப்போகாமல் அதைத் திறந்து, உள்ளே இருப்பது என்ன, எந்த அலகில், எந்த நாளில், யார் அளந்தது என்று தெரிந்துகொள்ள முடியவேண்டும். தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் கோப்பு என்று இதைச் சொல்கிறார்கள். கோப்பு தன்னைத் தானே விளக்கிக்கொள்வதில்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து விளக்கம் எழுதினால்தான் உண்டு என்பது பிறகு வரும் சங்கடம்.

குறிப்பு இரு வகைப்படும். முழுக் கோப்பிற்கும் பொதுவானது ஒன்று. தலைப்பு, நிறுவனம், மூலம், வரலாறு போன்றவை. ஒவ்வொரு மாறிக்கும் உரியது மற்றொன்று. அலகு, நீண்ட பெயர், அளவு இல்லாத இடத்தை நிரப்பும் எண் போன்றவை. இவற்றைப் படிக்கவும் எழுதவும் சி மொழியில் ஒரு குடும்பமாகச் செயற்கூறுகள் உள்ளன. படிப்பவற்றின் பெயரில் 'கெட்' என்றும், எழுதுபவற்றின் பெயரில் 'புட்' என்றும், விசாரிப்பவற்றின் பெயரில் 'இன்க்' என்றும் வரும்.

படிக்கும் முறை இப்படி. முதலில் என்சி_இன்க்_ஆட் என்ற செயற்கூறை அழைத்து, இந்தப் பெயரில் குறிப்பு உண்டா, அது எழுத்தா எண்ணா, அதன் நீளம் என்ன என்று விசாரிக்கவேண்டும். அப்படி ஒரு குறிப்பே இல்லையென்றால் -43 என்ற எண் விடையாக வரும். இருந்தால், அது சொன்ன நீளத்திற்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டு, என்சி_கெட்_ஆட்_டெக்ஸ்ட் என்ற செயற்கூறால் வாசகத்தைப் பெறவேண்டும். ஒதுக்கும் இடம் ஒரு பைட் கூடுதலாக இருப்பது நல்லது. சி மொழியில் ஒரு சரம் சுழியத்தில் முடியவேண்டும் என்பது வழக்கம். கோப்பில் உள்ள வாசகத்தோடு அந்தச் சுழியமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. விசாரிக்காமல் நேரே படிக்கப் போனால், ஒதுக்கிய இடம் போதாமல் வாசகம் பக்கத்து நினைவகத்தில் வழிந்துவிடும். வாசிப்பதற்கு முன் எவ்வளவு வரப்போகிறது என்று கேட்டுக்கொள்வது அங்கே கட்டாயமான பண்பாடு.

எழுதும் முறை இதைவிடச் சுலபம். என்சி_புட்_ஆட்_டெக்ஸ்ட் என்ற செயற்கூறிடம் கோப்பு எது, மாறி எது, குறிப்பின் பெயர் என்ன, நீளம் என்ன, வாசகம் என்ன என்று ஐந்தைக் கொடுத்தால் போதும். அந்தப் பெயரில் முன்பே ஒரு குறிப்பு இருந்தால் அதன் மீது புதியது எழுதப்படும். பழையது என்ன என்று அது கேட்பதில்லை. எங்கும் எடுத்து வைப்பதுமில்லை.

இந்தச் சமமின்மைதான் என்னை உறுத்தியது. படிப்பதற்கு மூன்று படிகள், எழுதுவதற்கு ஒன்று. படிப்பவர் தவறினால் அவருடைய நிரல் நின்றுபோகும், அவருக்குத்தான் நட்டம். எழுதுபவர் தவறினால் நிரல் நிற்காது. நட்டம் பத்தாண்டு கழித்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு.

*

குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வாளியின் கதையைச் சொல்லலாம்.

கடல்மட்ட வெப்பநிலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கப்பல்கள் அளந்துவந்துள்ளன. கயிற்றில் கட்டிய வாளியைக் கடலில் இறக்கி, நீரை முகந்து மேலே இழுத்து, அதில் வெப்பமானியை வைப்பார்கள். கித்தான் துணியாலான வாளியாக இருந்தால் மேலே வருவதற்குள் காற்றுப்பட்டு நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். அளவு குறைத்துக் காட்டும். பிறகு, இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் பழக்கம் வந்தது. அது சற்றுக் கூட்டிக் காட்டக்கூடியது.

உலக வெப்பநிலை வரைபடத்தில் 1945ஆம் ஆண்டில் ஏறத்தாழ 0.3 பாகை அளவுக்குத் திடீரென்று ஒரு சரிவு வெகுகாலமாக நின்றுகொண்டிருந்தது. 2008இல் டேவிட் தாம்ப்ஸனும் அவருடன் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அதன் காரணத்தை விளக்கியது. போர்க்காலத்தில் கிடைத்த அளவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கபல்களுடையவை. அவை பெரும்பாலும் இயந்திர நீரை அளந்தன. 1945 ஆகஸ்டுக்குப் பின் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு சட்டென்று உயர்ந்தது. அவை பெரும்பாலும் வாளியில் அளந்தன. ஆக, கடல் அந்த ஆண்டு குளிரவில்லை. அளந்த கை மாறியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வோர் அளவோடும் எந்த நாட்டுக் கப்பல் என்ற குறிப்பு பேரளவுக்குப் பிழைத்து வந்திருந்தது. எந்த வாளி என்பது பல இடங்களில் பதிவாகவில்லை. அந்த ஒரு சொல் பதிவாகாததை ஈடுகட்ட ஆய்வாளர்கள் எத்தனையோ கட்டுரைகள் எழுத வேண்டியிருந்தது. எண்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. 'வாளி' என்ற சொல்தான் தொலைந்திருந்தது.

இதைவிடச் சிறிய, அருகிலுள்ள உதாரணம் ஒன்றை மாணவர் சொன்னார். அவரிடம் வந்த ஒரு பழைய தொகுப்பில் காற்றின் வேகம் இருந்தது, அலகு இல்லை. எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். 10 என்று இருந்தால், அது 10 நாட்டா, வினாடிக்கு 10 மீட்டரா? முதலாவது மென்காற்று. இரண்டாவது 19 நாட்டுக்கும் மேல். சிறு படகுக்காரர் யோசித்துத்தான் கடலுக்குப் போவார். இரண்டும் நம்பக்கூடிய எண்கள்தான் என்பதால் எண்ணைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. தொகுப்பு முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். "அளந்தவர் வெயிலில் நின்று அளந்திருப்பார் சார்" என்றார் மாணவர். அதில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. இடம் மிச்சம் பிடிப்பதற்காக வெப்பநிலையைப் பின்ன எண்ணாக வைக்காமல் சிறிய முழு எண்ணாக மாற்றிச் சேமிப்பது உண்டு. பெருக்க வேண்டிய எண் ஒரு குறிப்பிலும், கூட்ட வேண்டிய எண் மற்றொரு குறிப்பிலும் இருக்கும். கோப்பில் 1234 என்று இருக்கிறது. பெருக்க வேண்டியது 0.01, கூட்ட வேண்டியது 280 என்றால், உண்மையான அளவு 292.34 கெல்வின். நம் வழக்கில் 19.19 பாகை செல்சியஸ். அவ்விரு குறிப்புகளும் அழிந்துபோனால் 1234 என்பது 1234தான். அதிலிருந்து எந்த மேதையாலும் வெப்பத்தை மீட்க முடியாது. இங்கே குறிப்பு என்பது தரவுக்கு வெளியே உள்ள அலங்காரம் அல்ல. தரவின் பாதி.

*

சங்கப் பாடல்களின் அடியில் உரைநடையில் சில வரிகள் உள்ளன. புறநானூற்றில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்று வரும் அந்தக் கொளுவைப் பாடலின் பகுதி என்று நாம் எண்ணுவதில்லை, மனப்பாடம் செய்வதில்லை, மேடையில் சொல்வதுமில்லை. ஆனால் அந்த வரிகள் இல்லாமல் புறநானூற்றை வரலாற்று ஆவணமாக ஒருவர் கற்பனை செய்து பார்க்கட்டும். யார் யாரைப் பாடியது என்று தெரியாத நானூறு குரல்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு மன்னனின் காலத்தையும் நாம் பேசியிருக்க முடியாது.

பெயர் கிடைக்காத புலவர்களுக்குப் பாடலில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். அதாவது குறிப்பு இல்லாதபோது தரவிலிருந்தே குறிப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். கவிதையில் இது ஒரு அழகாக நின்றுவிட்டது. வெப்பநிலைக் கோப்பிலும் இதையே செய்கிறார்கள்: எண்கள் 290ஐ ஒட்டி இருந்தால் கெல்வின், 25ஐ ஒட்டி இருந்தால் செல்சியஸ் என்று ஊகிக்கிறார்கள். காற்றின் வேகத்தில் இந்த வழி கைகொடுக்காது என்று மேலே பார்த்தோம்.

கொளுவைச் சேர்த்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அது பாடலோடு பாடலாகப் படியெடுக்கப்பட்டு வந்தது என்பது தெரியும். தனி ஓலையில் எழுதி வேறு கட்டில் வைத்திருந்தால் இன்று நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இங்கேயும் அதே நிலைமைதான். வரைபடத் தரவுகளைக் கையாளும் ஜிடிஏஎல் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுதியில் ஒரு ஏற்பாடு உண்டு. குறிப்பை உள்ளே ஏற்றுக்கொள்ள இயலாத கோப்பு வடிவமாக இருந்தால், அதன் பக்கத்திலேயே ஒரு துணைக்கோப்பை உண்டாக்கி அதில் குறிப்பை எழுதி வைக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் படத்தை மட்டும் நகலெடுத்து நண்பருக்கு அனுப்புகிறவர் துணைக்கோப்பை மறந்துவிடுவார். நூல் ஓரிடம், உரை ஓரிடம்.

*

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

நெட்சிடிஎஃப் கோப்பில் ஒரு மாறியை வரையறுக்க வேண்டுமானால் பெயர், வகை, பரிமாணங்கள் ஆகியவற்றைக் கொடுத்தே ஆகவேண்டும். அலகைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குறிப்புகூட இல்லாத கோப்பும் இலக்கணப்படி செல்லுபடியாகும் கோப்புதான். அப்படியானால் அலகு இல்லாத மாறியை ஏற்க மாட்டேன் என்று நிரல்தொகுதியே மறுத்துவிடலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. மாணவர் அதை மறுத்தார். "கட்டாயப்படுத்தினால் 'தெரியாது' என்றும் '1' என்றும் போட்டுவிட்டுப் போவார்கள் சார். இல்லாத குறிப்பைவிடப் பொய்க் குறிப்பு மோசம்" என்றார். விண்ணப்பப் படிவங்களின் கட்டாயக் கட்டங்களில் நாம் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வதை நினைத்துக்கொண்டேன். அவர் சொல்வது சரி. இல்லாத குறிப்புக்கு -43 என்ற நேர்மையான விடையாவது வருகிறது.

எனவே கட்டாயம் நிரல்தொகுதியில் இருக்கவேண்டியதில்லை, மரபில் இருக்கவேண்டும். அப்படி ஒரு மரபும் உண்டு. 1995இல் கோர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2003இல் சிஎஃப் என்ற பெயரில் முதற்பதிப்பு கண்ட விதித்தொகுப்பு அது. பரிமாணமுள்ள ஒவ்வோர் அளவுக்கும் அலகு வேண்டும் என்கிறது. பெயர்களுக்கு ஒரு பொதுப்பட்டியல் வைத்திருக்கிறது. கடல்மட்ட வெப்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், நீரின் மேல்தோலின் வெப்பம், அதற்கு அடுத்த அடுக்கின் வெப்பம், பகல்வெயில் எட்டாத அடித்தள வெப்பம் என்று தனித்தனிப் பெயர்களை அது கேட்கிறது. சொல்லாராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு விருந்து. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற உறுதியைக் கூட்டாக விவாதித்து ஏற்படுத்துகிறார்கள். நிகண்டுக்காரர்கள் எதிர்த்திசையில் நடந்தவர்கள். அது வேறு தேவை.

மரபு வேறெங்கோ ஓர் ஆவணத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் சாட்சி. 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாயை நெருங்கி, திட்டமிட்ட 226 கிலோமீட்டர் உயரத்திற்குப் பதிலாக ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்தில் போய்த் தொலைந்தது. உந்துவிசையின் அளவு மெட்ரிக் அலகில் இருக்கவேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தரைநிலைய நிரல் ஒன்று பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிய நிரல் ஆவணத்தை நம்பியது. வித்தியாசம் 4.45 மடங்கு. அலகு, விதிநூலில் இருப்பதோடு, எண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரவேண்டும். வந்ததை வாங்குகிறவர் விசாரிக்கவும் வேண்டும்.

கட்டாயம் வேண்டாம் என்ற நான், ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதம் பிடிக்க விரும்புகிறேன். அது 'வரலாறு' என்ற குறிப்பு.

கோப்பை யார், எந்த நாளில், எந்த நிரலால், எந்தக் கட்டளையால் மாற்றினார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியாக இந்தக் குறிப்பில் சேர்த்துக்கொண்டே போகவேண்டும் என்பது வழக்கம். பழைய வரிகளைத் தொடக்கூடாது. கோப்பின் பரம்பரை அது. பாடம் கேட்ட வரலாறு என்று சொல்லலாம். ஆனால் 'சேர்' என்று ஒரு செயற்கூறு கிடையாது. 'எழுது' மட்டுமே உண்டு. சேர்க்க விரும்புகிறவர் முதலில் நீளத்தை விசாரித்து, இடம் ஒதுக்கி, பழைய வாசகத்தைப் படித்து, அதனோடு தன் வரியை ஒட்டி, மொத்தத்தையும் மீண்டும் எழுதவேண்டும். ஐந்து படிகள். அவசரக்காரர் ஒரே படியில் தன் வரியை எழுதிவிட்டால், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் போய்விடும். செயற்கூறு சுழியத்தை விடையாகத் தரும். சுழியம் என்றால் அங்கே 'பிழை இல்லை' என்று பொருள்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பழைய வடிவத்தில் குறிப்புகள் அனைத்தும் கோப்பின் தலைப்பகுதியில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அதன் பின்னே எண்கள். இருக்கும் குறிப்பைவிட நீளமானதை எழுதவேண்டுமானால் கோப்பை 'வரையறை' நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். தலைப்பகுதி பெருத்து ஒதுக்கிய இடம் போதாமற்போனால் பின்னால் உள்ள எண்கள் முழுவதையும் நகர்த்தி எழுதவேண்டிவரும். ஒரு வரி சேர்ப்பதற்காகக் கடலையே ஓரடி தள்ளிவைக்கும் வேலை. முன்கூட்டியே தலைப்பகுதியில் இடம் விட்டுவைக்க ஒரு செயற்கூறு இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. புதிய வடிவத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது. நிலைமாற்றத்தை நிரல்தொகுதியே பார்த்துக்கொள்கிறது. எனவே பழைய காரணத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 'வரலாறு' என்ற குறிப்புக்காவது 'சேர்' என்ற தனிச் செயற்கூறு இருக்கவேண்டும் என்பது என் கட்சி. செய்யவேண்டிய நல்ல காரியம் ஐந்து படியாகவும், செய்யக்கூடாத காரியம் ஒரு படியாகவும் இருந்தால், களைத்துப்போன மனிதர் எதைச் செய்வார் என்று நமக்குத் தெரியும்.

நல்ல பதிப்பாசிரியர்கள் தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்து, விலக்கிய பாடத்தைக் கீழே பிரதிபேதமாகக் கொடுத்தார்கள். தன் முடிவு தவறாக இருக்கலாம் என்ற அடக்கம் அதில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை இன்றும் நாம் நம்புவதற்கு அவருடைய புலமை ஒரு காரணம். அவர் எந்த ஏட்டில் என்ன கண்டார் என்பதை நாமும் சரிபார்க்க இடம்வைத்துப் போனது மற்றொரு காரணம்.

*

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. குறிப்பு எழுதுவதற்கு நேரம் வேண்டும். அதற்கு ஊதியம் இல்லை. கட்டுரை வெளியிட்டால் கிடைக்கும் பெயர், நல்ல குறிப்பு எழுதினால் கிடைப்பதில்லை. நம் துறையில் பதிப்பாசிரியரைவிட விமர்சகருக்குக் கிடைக்கும் இடம் அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் குறையை எந்தச் செயற்கூறாலும் தீர்க்க முடியாது. மாணவருக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர், தரவை ஏற்கும் காப்பகம், கட்டுரையை ஏற்கும் இதழ் ஆகிய மூவரும், "இதன் அலகு எங்கே? வரலாறு எங்கே?" என்று கேட்கத் தொடங்கினால் தீரும். கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் பதில் எழுதி வைப்பார்கள்.

தமிழில் குறிப்பு எழுதலாமா என்ற கேள்விக்கும் இங்கே இடமுண்டு. எழுதலாம். இன்றைய நெட்சிடிஎஃப், யுடிஎஃப்-8இல் பெயர்களையே ஏற்கிறது. வாசகத்திற்குத் தடை இல்லை. ஆனால் அலகு, பொதுப்பெயர் ஆகியவற்றை நிரல்கள் படிக்கின்றன. அவற்றை மரபில் உள்ளபடியே விடுவதுதான் முறை. தலைப்பு, விளக்கம், இடப்பெயர் ஆகியவற்றை மனிதர்கள் படிக்கிறார்கள். கரையோர ஊர் ஒன்றின் பெயர் அந்த ஊர்க்காரர் சொல்வதுபோல அங்கே நிற்பது நல்லது. ரோமன் எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் கலந்து, எந்த ஊர் என்றே தெரியாமற்போன பட்டியல்களை நாம் பார்த்திருக்கிறோம். எழுதுகிறவர் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணிக் கொடுக்கவேண்டும், அவ்வளவே.

மாணவர் பிறகு ஒருநாள் அழைத்தார். நீளத்தை நிரலே கணக்கிடும்படி மாற்றிவிட்டதாகவும், தலைப்பு இப்போது முழுமையாக வருவதாகவும் சொன்னார். 'த' மட்டும் நின்ற பழைய கோப்பை என்ன செய்தாய் என்று கேட்டேன். திருத்திவிட்டு, திருத்தியது இன்ன தேதியில், இன்ன காரணத்தால் என்று வரலாற்றில் ஒரு வரி சேர்த்ததாகச் சொன்னார். பழைய வரிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "இருக்கு சார், படிச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்றார்.